காது குத்த ஒரு மடி

காது குத்துவதற்கு மாமாவின் மடி வேண்டும் என்பது எனக்கு மிகச் சிறு வயதிலேயே தெரிந்திருந்தது. ஆசாரி இருந்தால் போதாது, தங்கக் கம்பி இருந்தால் போதாது. அம்மாவுடன் பிறந்தவர் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிள்ளையை மடியில் இருத்தி, தலை அசையாமல் பிடித்துக்கொண்டால்தான் ஊசி இறங்கும். பெரியப்பாவின் மகனுக்கு அப்படித்தான் நடந்தது. பெரியம்மாவின் தம்பி மடியில் உட்காரும் வரை அவன் மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு ராஜா மாதிரி நடந்து வந்தான். உட்கார்ந்த பிறகு அவன் போட்ட சத்தத்தில், வெளியே வேம்பில் கட்டியிருந்த கிடா கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. ஆட்டைப் பிடிக்கப் பாதிக் கூட்டம் ஓட, மீதிக் கூட்டம் அவனைப் பிடித்துக்கொண்டது. நான் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு எனக்குள் ஒரு முடிவுக்கு வந்தேன். ஆபத்து ஊசியில் இல்லை, மடியில் இருக்கிறது.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் என் மகள். அவளுக்குக் காது குத்த வேண்டும். என் தம்பிக்கு வெளிநாட்டில் வேலை, எப்போது லீவு கிடைக்கும் என்று தெரியாது. குழந்தைகள் டாக்டரே குத்திவிடுவார், ஒரு நொடி வேலை என்கிறார் என் கணவர். அதுவும் சரிதான் என்று தோன்றுகிறது, இல்லை என்றும் தோன்றுகிறது. போனில் இதைப் பற்றி எவ்வளவோ படித்துவிட்டேன். ஒரு தாய் சரி என்று எழுதியதை அடுத்த தாய் தப்பு என்று எழுதியிருக்கிறாள். படிக்கப் படிக்க என் விஷயம்தான் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. ஒரு தடவை எழுதிப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் ஊர் அபிராமத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. எனக்கு ஒரே மாமா, அம்மாவின் தம்பி, பக்கத்து ஊர்க்காரர். அப்போது அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. வாரத்துக்கு ஒருமுறையாவது சைக்கிளில் வருவார். வரும்போது வெள்ளரிப் பிஞ்சோ நுங்கோ ஹேண்டில்பாரில் தொங்கும். வாசலில் நின்று "மருமகளே" என்று கூப்பிட்டால் நான் எங்கே இருந்தாலும் ஓடுவேன். அவர் முதுகில் ஏறுவேன், தோளில் ஏறுவேன். பெரியப்பா மகனின் காதுகுத்துக்குப் பிறகு மடியில் மட்டும் உட்காருவதில்லை. இதை யாரும் கவனிக்கவில்லை.

இரண்டு ஊருக்கும் ஒரே கண்மாய். மாமாவின் ஊர் மேலே, எங்கள் ஊர் கடைசி மடை. அந்த வருஷம் கார்த்திகைக்குப் பிறகு மழை நின்றுவிட்டது. கண்மாயில் கிடந்த கொஞ்சத் தண்ணீர் தங்களுக்கே காணாது, கீழ் மடையைத் திறக்கக் கூடாது என்று மாமாவின் ஊரில் பேசி முடித்துவிட்டார்கள். அய்யாவின், அதாவது என் அப்பாவின், வயலில் கதிர் பால் பிடிக்கும் நேரம். இன்னும் ஒரு தண்ணீர் பாய்ந்தால் நெல், பாயாவிட்டால் வைக்கோல். ஒரு விடிகாலையில் மாமா தனியாகப் போய் மடையின் பலகையைத் தூக்கிவிட்டார். சொந்த ஊர்க்காரர்களே ஓடிவந்து தடுத்தார்கள். தள்ளுமுள்ளில் ஒருவர் மடைக் கல்லில் விழுந்து தோள்பட்டை முறிந்துபோனது. போலீஸ் வந்து மாமாவைக் கொண்டுபோனது. அந்த நேரத்தில் அய்யா கீழே வயலில் மண்வெட்டியோடு வாய்க்காலைத் திருப்பிக்கொண்டிருந்தாராம். கரைமேல் சத்தம் கேட்டிருக்கிறது. அவர் ஏறி வரவில்லை.

இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டவை. அப்போது எனக்குத் தெரிந்தது மாமா ராமநாதபுரத்தில் ஜெயிலில் இருக்கிறார் என்பது மட்டும்தான். அம்மா அடுப்படியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. கொஞ்ச நேரம் அவளோடு சேர்ந்து உண்மையாகவே அழுதேன். அழுதுகொண்டிருக்கும்போதே, மாமா ஜெயிலில் இருந்தால் மாசியில் எனக்குக் காது குத்த முடியாதே என்று ஓர் எண்ணம் வந்தது. அதற்குப் பிறகு அழுகை நின்றுவிட்டது.

மாசி மாதக் களரித் திருவிழாவில் குலசாமி கோயிலில் எனக்கு மொட்டை போட்டுக் காது குத்துவதாக நேர்ந்திருந்தார்கள். ஒரு வருஷம் வறட்சி, ஒரு வருஷம் வீட்டில் சாவு என்று தள்ளிப்போய் எனக்கு ஆறு வயது முடிந்துவிட்டது. இனியும் தள்ளக் கூடாது என்பதில் எல்லாரும் உறுதியாக இருந்தார்கள். யார் மடி என்பதில்தான் தகராறு.

"ஜெயிலுக்குப் போனவன் மடியில வச்சு நம்ம வீட்டுப் பிள்ளைக்குக் காது குத்துனா நாளைக்கு நாலு பேரு என்ன சொல்லுவான்? கமுதியில ஒங்க சித்தப்பன் மகன் இருக்கான்ல, அவனும் தாய்மாமன் முறைதான்" என்றார் பெரியப்பா.

அம்மா பெரியப்பாவுக்கு எதிரே பேசமாட்டாள். கதவுக்குப் பின்னால் நின்றபடி, "கூடப் பொறந்தவன் உசுரோட இருக்கைல இன்னொருத்தனக் கூப்பிட எனக்கு வாய் வராது" என்று மட்டும் சொன்னாள். அய்யா இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து கால் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அம்மா தானாகவே கோயில் பூசாரியைப் போய்ப் பார்த்தாள். தம்பி வர முடியாத இடத்தில் இருக்கிறான், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறாள். பூசாரி யோசித்துவிட்டு, "பிள்ளையக் கூட்டிட்டுப் போயி ஒருக்கா அவன் மடியில உக்கார வச்சுட்டு வந்துரு தாயி. மடி குடுத்தது குடுத்ததுதான். அன்னைக்கு இங்கன யாரு தலையப் புடிச்சாலும் அவன் புடிச்ச மாதிரி" என்றாராம். அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது. தை மாதக் கடைசியில் ஒரு நாள் என்னைக் குளிக்க வைத்து, பள்ளிக்கூடத்துக்கு விடுப்புச் சொல்லி, நல்ல கவுன் போட்டு, அய்யாவையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஒரு சின்னப் பிள்ளையை ஜெயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று இப்போது நினைக்கிறேன். நானாக இருந்தால் போயிருக்க மாட்டேன். ஆனால் அம்மாவின் இடத்தில் இருந்திருந்தால் போயிருப்பேனோ என்னவோ. அம்மா அன்றைக்கு இதையெல்லாம் யோசித்ததாகத் தெரியவில்லை. பரமக்குடியில் பஸ் மாறும்போது எனக்குத் தலை சீவி மறுபடி பின்னிவிட்டாள். "மாமா மடியில போய்ச் சமத்தா உக்காரணும், என்ன" என்று அப்போதுதான் சொன்னாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பஸ் புரட்டலாக்கும் என்று நினைத்து எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்தாள்.

ஜெயில் நான் நினைத்த மாதிரி பயங்கரமாக இல்லை. பெரிய சுவர், பெரிய கதவு, கதவுக்குள் ஒரு சின்னக் கதவு. எதிரே டீக்கடை. அய்யா அங்கேயே நின்றுவிட்டார்.

"நீங்க வரலையா?" என்றாள் அம்மா.

"நீ போயிட்டு வா. நான் இங்கன இருக்கேன்."

"அவன் கேப்பானே."

அய்யா பெஞ்சில் உட்கார்ந்து, டீ சொல்லாமலேயே அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அய்யாவுக்கு மாமாமேல் கோபம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஜெயிலில் இருப்பவரைப் பார்க்கப் போவதை மனு பார்ப்பது என்பார்கள். யார், என்ன உறவு என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். அம்மா விடிகாலையில் எழுந்து சுட்ட பணியாரத்தை வாசலிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், வாழைப்பழத்துக்கு மட்டும் அனுமதி. உள்ளே ஒரு நீளமான அறை. குறுக்கே இரண்டு வரிசைக் கம்பி வலை, நடுவில் ஓர் ஆள் நடக்கிற இடைவெளி. அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். எல்லாரும் ஒரே சமயத்தில் கத்தியதால் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. எங்களுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் வலையைப் பிடித்துக்கொண்டு, "ஏலே, செவலை கன்னு போட்ருச்சுடா! கெடேரி!" என்று தன் மகனிடம் அலறினார். அது ஒன்றுதான் அறை முழுக்கக் கேட்டது. அந்தப் பக்கத்திலிருந்து சம்பந்தமில்லாத இன்னொருவன் "பாலு எம்புட்டுக் கறக்குது?" என்று கேட்க, காவலர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

மாமா வந்தார். கைலி, கசங்கிய சட்டை, தாடி. அம்மா பேச ஆரம்பித்ததுமே அழுதுவிட்டாள். பக்கத்தில் கறுப்புத் துணியால் தலையை மூடியிருந்த ஒரு பெண்மணி, "அழுவாதமா, அல்லா இருக்கான், பிள்ளை பயந்துக்கிரும்" என்று அவள் தோளைத் தட்டினார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னை இழுத்துக்கொண்டு நேரே அதிகாரியின் மேசைக்குப் போனாள். யாரிடமும் எதிர்த்துப் பேசாத அம்மாவா இது என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"ஒருக்கா மடியில உக்கார வச்சாப் போதும் சார். மாசில காது குத்து. எனக்குக் கூடப் பொறந்தது இவன் ஒருத்தன்தான். வேற எதுவும் கேக்கல."

அதிகாரி இளவயதுக்காரர், வேறு பக்கத்துக்காரர் போல. அவருக்குப் புரியவில்லை. கூட நின்ற நரைமீசைக் காவலர்தான், "நம்ம பக்கத்துச் சடங்கு சார். தாய்மாமன் மடியில வச்சுத்தான் குத்துவாக. பச்சப் பிள்ளதான, இங்கனயே உக்கார வச்சுட்டுப் போகட்டும்" என்றார். அதிகாரி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தலையசைத்தார். அம்மா அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அந்தக் கும்பிடு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சாமிக்குக்கூட அவள் அப்படிக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை.

மாமாவை அந்தப் பக்கத்திலிருந்து சுற்றி அழைத்து வந்தார்கள். வலை இல்லாமல் என்னைப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "எங்க, முன்பல்லக் காணோம்? எலி தூக்கிட்டுப் போயிருச்சா?" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு உதறு உதறினார், நான்காக மடித்தார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து துண்டை மடிமேல் விரித்து, சுருக்கம் போகத் தடவினார். பிறகு இரண்டு கையையும் நீட்டி, "வா தாயி" என்றார்.

நான் போயிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். ஆசாரி இல்லாத இடத்தில் மடி மட்டும் என்ன செய்துவிடும் என்று என் மனதைத் தேற்றி வைத்திருந்தேன். ஆனால் மாமாவின் தலைக்குப் பின்னால், மூலை மேசையில், மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் கையில் ஊசி இருந்தது. சாதாரண ஊசியில்லை, சாக்குத் தைக்கிற மாதிரி நீளமான ஊசி. ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பா மகனுக்குக் குத்திய அன்றைக்குக் கோயிலில் ஆசாரி அப்படியேதான் பார்த்தார்.

அலுவலகத்தில் காகிதங்களைச் சேர்த்துத் தைக்க ஊசியில் நூல் கோக்கிறார் என்பது ஆறு வயதில் எனக்கு எப்படித் தெரியும்? எல்லாரும் பேசி வைத்துத்தான் என்னை இங்கே கூட்டிவந்திருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன். நல்ல கவுன், இறுக்கிப் பின்னிய சடை எல்லாம் இதற்குத்தான்.

"மாட்டேன்" என்றேன்.

"போடி, மாமா கூப்புடுறான்ல" என்று அம்மா முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

"மாட்டேன். மாமா மடியில உக்கார மாட்டேன்!" என்று கத்தி, அம்மாவின் சேலைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டேன். அம்மா என் தோளில் ஓர் அடி வைத்தாள். அவள் என்னை அடித்தது அபூர்வம்.

அப்போது மாமாவின் முகம் எப்படி இருந்தது என்று பல தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். நினைவில் இல்லை. நான் சேலை இடுக்கு வழியாக ஊசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். குரல் மட்டும் நினைவிருக்கிறது.

"அடிக்காதக்கா. பிள்ள என்ன பண்ணும், வீட்டுல பேசுறதத்தான கேட்டுருக்கும். எம்மேல ஜெயில் வாட அடிக்குதுல்ல." சிரிக்கிற மாதிரிச் சொன்னார். பிறகு, "மச்சான் வரலையாக்கா?" என்றார்.

"வெளிய நிக்கிறாக" என்றாள் அம்மா.

"சரி. வேற ஆளு மடியில வச்சே குத்துங்க. நான் ஒண்ணும் நெனக்க மாட்டேன். பிள்ள மனசு கோணக் கூடாது." எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். உள்ளே போகும்போது அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நரைமீசைக் காவலர் என்னிடம் குனிந்து, "மாமனப் போயி வேணாங்கலாமா கழுத?" என்றார். மூலை மேசைக்காரர் ஒரு கட்டுக் காகிதத்தில் ஊசியை ஏற்றி இழுத்தார். இது பெரிய காதுக்காரர்களுக்கான ஊசி போலிருக்கிறது என்று நினைத்தேன்.

வெளியே அய்யா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். எனக்கு ஒரு பன் வாங்கிக் கொடுத்தார். திரும்பி வந்த பணியாரத்தையும் பஸ்ஸில் நான்தான் தின்றேன். அன்றைய தினம் என் வாழ்க்கையின் பெரிய வெற்றிகளில் ஒன்று. நான் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, இரு பக்கமும் ஓடுகிற சீமைக்கருவேலையைப் பார்த்துக்கொண்டு, காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கால்கூடக் கழுவாமல் பெரியம்மா வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"எம்பிள்ளைக்கு என்னத்தச் சொல்லிக் குடுத்தீக?"

பெரியம்மா முறத்தில் மிளகாய் வற்றல் ஆய்ந்துகொண்டிருந்தாள். "நான் என்னடி சொல்லிக் குடுத்தேன்?"

"பெத்த தாயோட கூடப் பொறந்தவனப் பாத்து மடியில உக்கார மாட்டேங்கிறா. தானா வருமா இந்தப் புத்தி?"

"ஊரே பேசுது, பிள்ளைக்குக் காது இல்லையா? எந்தலையில ஏண்டி ஏத்துற?"

சண்டை வளர்ந்து, என்றைக்கோ கல்யாணத்தில் யாருக்கோ இலை போடாதது வரைக்கும் போனது. பெரியம்மா பாவம், உண்மையிலேயே எனக்கு எதுவும் சொல்லித்தரவில்லை. அன்று மாலை அம்மா என்னை உட்கார வைத்து, "யாருடி சொல்லிக் குடுத்தா? உண்மையச் சொல்லு" என்று கேட்டாள். "யாரும் சொல்லல" என்றேன். அது உண்மை. ஏன் உட்காரவில்லை என்று அவள் கேட்கவில்லை, நானாகவும் சொல்லவில்லை. சொன்னால் வேறு வழி கண்டுபிடித்துவிடுவார்களே. இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோனது. பெரியப்பா மகனோடு விளையாட முடியாததுதான் எனக்கு வருத்தம்.

மாசி பிறந்ததும் மாமாவுக்கு ஜாமீன் கிடைத்தது. வந்தவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. வாசலில் சைக்கிள் மணி கேட்காதா என்று நான்கூட ஓரிரு நாள் பார்த்தேன். அம்மா ஆள் விட்டுக் கூப்பிட்டாள். சீர் அனுப்பிவிடுகிறேன், நான் வந்தால் பிள்ளை பயந்துகொள்ளும் என்று சொல்லிவிட்டாராம்.

களரியன்று கோயில் பொட்டலில் கூட்டம். பனைமரத்து நிழல்களில் குடும்பம் குடும்பமாக அடுப்புக் கூட்டிப் பொங்கல் வைத்திருந்தார்கள். எனக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசியாயிற்று. காது குத்தப்போவதில்லை என்ற நிம்மதியில் மொட்டைக்கு நான் அழவே இல்லை. அப்போதுதான் பெரியப்பா வரச்சொன்ன கமுதி மாமா வந்து இறங்கினார். பெரிய உடம்பு, பவுடர் வாசனை. பெரியம்மா எங்களோடு பேசாவிட்டாலும் எங்களுக்குக் கேட்கும்படியாக, "மடின்னா இதுல்ல மடி! ரெண்டு பிள்ளைய உக்கார வைக்கலாம்" என்றாள். சுற்றி எல்லாரும் சிரித்தார்கள். ஒரு மடி இல்லாவிட்டால் இன்னொரு மடியை உண்மையிலேயே கொண்டுவந்து இறக்குவார்கள் என்று நான் எதிர்பார்க்கவேயில்லை.

மாமாவின் ஊரிலிருந்து ஒரு பையன் சீர்த்தட்டைக் கொண்டுவந்து வைத்தான். பாவாடை சட்டை, தேங்காய் பழம், சின்ன டப்பாவில் தோடு. அம்மா தட்டைப் பார்த்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அய்யாவும் பார்த்தார். பிறகு யாரிடமும் சொல்லாமல் பழைய டி.வி.எஸ்-ஐ உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

"நல்ல நேரம் போகுது, இவன் எங்க போய்த் தொலைஞ்சான்?" என்று பெரியப்பா கத்திக்கொண்டிருந்தார். கமுதி மாமா கடிகாரத்தைப் பார்த்தார். ஆசாரி கம்பியைத் துடைத்தார். பொங்கல் பொங்கி வழிந்தது, யாரும் குலவையிடவில்லை.

அய்யா திரும்பி வந்தபோது வண்டியின் பின்னால் மாமா உட்கார்ந்திருந்தார். தாடியை மழித்திருந்தார். வழியில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. அய்யாவின் கண் சிவந்திருந்தது. புழுதி என்றார்.

"மாப்ள மடியிலதான் பிள்ளைக்குக் குத்தணும்" என்றார்.

"ஊரு பேசும்டா" என்றார் பெரியப்பா.

"இந்தப் பானையில கொதிக்கிற அரிசி யாரு தண்ணில வெளஞ்சதுன்னு ஊருக்குத் தெரியும்ணே."

அய்யா அண்ணனிடம் குரல் உயர்த்தியதே இல்லை. அப்போதும் உயர்த்தவில்லை, ஆனால் பெரியப்பா வாயை மூடிக்கொண்டார். அரிசிக்கும் என் காதுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை.

மாமாதான் பின்வாங்கினார். "வேணாம் மச்சான். நீங்க வந்து கூப்பிட்டதே போதும். பிள்ள அன்னைக்கே மாட்டேன்னுட்டா. கட்டாயப்படுத்தாதீக."

இத்தனை பெரிய கூட்டத்தில் என் பக்கம் பேச ஓர் ஆள்! நான் ஓடிப்போய் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஆமா மாமா, நீங்க உக்காந்திராதீக! நீங்க உக்காந்தா ஆசாரி குத்திருவாரு. அன்னைக்கு ஜெயில்லயும் ஊசி வச்சுருந்தாங்கள்ல, நான் பாத்துட்டேன். அதான் உக்காரல."

"எந்த ஊசி தாயி?" என்றார் மாமா.

"மூலையில ஒரு கண்ணாடிக்காரரு. இம்புட்டு நீள ஊசி. ஒங்களுக்குப் பின்னாடிதான் இருந்தாரு. நீங்க பாக்கல."

மாமா என் உயரத்துக்குக் குனிந்தார். "அதுக்காகவா உக்காரல?"

"ம்."

"வேற எதுக்கும் இல்லையே?"

"வேற எதுக்கு?" என்று கேட்டேன்.

மாமா துண்டை விரிக்கவில்லை, இடம் பார்க்கவில்லை. நின்ற இடத்திலேயே, மணலில், சம்மணம் போட்டு உட்கார்ந்து என்னை அப்படியே அள்ளி மடியில் போட்டுக்கொண்டார். இப்படி ஒரு துரோகத்தை நான் அவரிடம் எதிர்பார்க்கவில்லை. உதைத்தேன், கடித்தேன். அவருடைய ஒரு கை என் மொட்டைத் தலையை அணைத்துப் பிடித்தது. ஆசாரி ஒரு கண்ணை மூடினார். எங்கிருந்தோ குலவைச் சத்தம் எழுந்தது. முதலில் அம்மா, பிறகு பெரியம்மா. வலது காதில் சுள்ளென்று இறங்கியது, நான் மூச்சு வாங்குவதற்குள் இடது காதிலும் இறங்கியது.

நான் அலறிக்கொண்டிருந்தபோது என் மொட்டைத் தலையில் வெதுவெதுப்பாக ஏதோ விழுந்தது. மறுபடியும் விழுந்தது. சந்தனத்தில் கோடு போட்டுக்கொண்டு நெற்றிக்கு இறங்கியது. அண்ணாந்து பார்த்தேன். மாமா அழுதுகொண்டிருந்தார். வாய் சிரித்துக்கொண்டிருந்தது, கண் அழுதுகொண்டிருந்தது. அந்தப் பக்கம் அம்மாவும் அழுதாள். அய்யா பனைமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

குத்தியது எனக்கு, இவர்கள் எதற்கு அழுகிறார்கள் என்று ஆத்திரமாக வந்தது. ஒருவேளை ஆசாரி தவறிப்போய் மாமாவையும் குத்திவிட்டாரோ என்று சந்தேகப்பட்டு, அழுகையை நிறுத்திவிட்டு, அவர் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காதைப் பார்த்தேன். இரண்டிலும் ஒரு பொட்டு ரத்தம்கூட இல்லை.